கண்ணாடிக்காகக் கால் ஆட்டிய ஊர்

கரிசல்மடையில் இடது கால்கள் தாமாக ஆடத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு. இவ்வளவு துல்லியமாக மணி சொல்ல முடிவதற்குக் காரணம், அதே நேரத்தில்தான் ஊர்க்கோடியில் பழைய பஞ்சாலைக் கட்டடத்தில் இருந்த ஆய்வுக்கூடத்தில் அங்கயற்கண்ணி தன்னுடைய நூற்றுப் பன்னிரண்டாவது கண்ணாடி வில்லையைத் தட்டிவிட்டு, அது அதிர்ந்து ஓய எவ்வளவு நேரம் ஆகிறது பார்ப்போம் என்று நோட்டில் மணியைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது ஓயவில்லை. பதினோரு மணிக்கும் ஓயவில்லை, சாப்பாட்டு வேளையிலும் ஓயவில்லை, காலையில் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீடு திரும்பும்போதும் ஓயவில்லை. தெருவில் எதிர்வாடையில் டீக்கடை வைத்திருந்த காதர் மைதீனின் இடது கால் அதே பத்து இருபதுக்கு முழங்காலுக்குக் கீழே ஆட ஆரம்பித்தது, அதுவும் ஓயவில்லை.

அங்கயற்கண்ணி மதுரைக்காரி. நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களிடம் நேரம் கிடைக்கவில்லை என்பாள், கேட்காதவர்களிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள். பதினோரு வருஷமாக அந்த ஊரில் இருந்தாள். படித்த பொம்பளை என்றால் டீச்சராகத்தான் இருக்க முடியும் என்பதால் ஊர் அவளை டீச்சர் என்று கூப்பிட்டது. அவள் செய்த வேலையோ வேறு. கணக்கில் அடங்காத தூரத்தில் இரண்டு செத்த நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டால், வேட்டியை உதறினாற்போல் வானவெளியில் ஒரு சுருக்கம் கிளம்பி நம்மைக் கடந்து போகும். அதைப் பிடிப்பதற்கு நாலு கிலோமீட்டர் நீளக் குழாய்களின் முனைகளில் கண்ணாடிகளைத் தொங்கவிட்டு, நடுவே ஒளியை ஓடவிட்டுக் காத்திருக்கிறார்கள். அந்தச் சுருக்கம் கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அசைக்கும் அளவு, அணுவின் கருவை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு தேறும். ஆனால் கண்ணாடி முகத்தில் ஒளியைத் திருப்புவதற்காக ஒரு மெல்லிய பூச்சு பூசியிருப்பார்களே, அதன் அணுக்கள் சூட்டில் சும்மா இருப்பதில்லை. நெளிந்துகொண்டே இருக்கும். பந்தியில் உட்கார வைத்த பிள்ளைகள் மாதிரி அவை நெளிகிற நெளிச்சலில் வானத்தின் அசைவு காணாமல் போய்விடும்.

அந்த நெளிச்சலை அடக்குவதுதான் அவள் வேலை. உலகத்தில் சிலர் கண்ணாடியையே குளிரில் வைத்து விறைக்கவிட்டுப் பார்த்தார்கள். இவள் பூச்சின் கலவையை மாற்றி மாற்றி, உலையில் சுட்டு, மெல்ல ஆறவைத்துப் பார்த்தாள். பூச்சு எவ்வளவு நெளிகிறது என்று அறிய, பூசிய வில்லையைக் காற்றில்லாத கூண்டுக்குள் மெல்லிய கம்பியில் தொங்கவிட்டுத் தட்ட வேண்டும். அதிர்வு சீக்கிரம் செத்தால் பூச்சு அதைத் தின்கிறது என்று அர்த்தம், நெளிகிற பூச்சு. நெடுநேரம் நின்றால் அடங்கிய பூச்சு. முந்தைய நூற்றுப் பதினொரு வில்லைகளில் அதிகபட்சமாக நின்றது நாற்பது நிமிஷம். வடக்கே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த நிலையத்தின் கண்ணாடிகளுக்கு யாருடைய பூச்சு என்று சித்திரைக்குள் முடிவு செய்யப் போகிறார்கள், அதற்குள் ஒரு வில்லையாவது ஏழு நாள் சோதனையில் தேறாவிட்டால் கரிசல்மடைக் கூடத்தை மூடிவிடுவது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்தை அவள் மேசை இழுப்பறையில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

நூற்றுப் பன்னிரண்டாவது மட்டும் ஏன் அப்படி ஆனது என்று பிற்பாடு கேட்டவர்களுக்குச் சொல்ல அவளிடம் மூன்று விளக்கங்கள் இருந்தன, மூன்றும் தவறு என்று அவளுக்கே தெரியும். ஆகவே அதை விடுவோம்.

திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் தெருவில் முப்பது கால்கள் ஆடின. செவ்வாயன்று நூறைத் தாண்டியது. கால் ஆட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளின் தொடையில் அடித்து வளர்த்த ஊர் அது; அடித்த அம்மாக்களின் கால்களே ஆடியபோது யார் தொடையில் யார் அடிப்பது என்று புரியவில்லை. நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் கால் ஆடியதைப் பார்த்துப் பெண்வீட்டார் பையன் அவசரக்காரன் போலிருக்கிறது என்றார்கள், அதற்குள் பெண்வீட்டாரின் கால்களும் ஆட ஆரம்பித்துவிட்டதால் சம்பந்தம் முறியாமல் தப்பியது. துக்க வீட்டில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் கால் ஆட்டிக்கொண்டே ஆறுதல் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயு என்று எழுதிக் கொடுத்தார். எழுதும்போது அவர் காலும் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது.

அங்கயற்கண்ணி வில்லையின் அதிர்வை அமர்த்தியபோது ஊர்க்கால்கள் நின்றன. மறுபடி தட்டினாள், ஆடின. அமர்த்தினாள், நின்றன. மூன்றாம் தடவை தட்டியபோது காதர் மைதீன் தெருவைத் தாண்டி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், நீங்கதான் பண்றீகளா?" என்று கேட்டார். "கோவத்துல கேக்கலை. தெரிஞ்சுக்கிறலாம்னுதான்."

தான்தான் என்று அவள் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டபோது அவளுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. பூச்சின் நெளிச்சல் செத்துப்போகவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வில்லை அடங்கி இருப்பதற்கு ஊர் ஆட வேண்டியிருக்கிறது. பதினோரு வருஷம் உழைத்து இதையா கண்டுபிடித்தோம் என்று அவளுக்கு அழுகை வந்தது.

புதன்கிழமை ஊரே கூடத்து வாசலுக்கு வந்துவிட்டது. முன்னால் நின்றவர் சங்கிலிப்பாண்டி. அவர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார், கோவில் திருவிழாக் கமிட்டியின் செயலாளரும் அவர்தான். எந்த நாள் யாருடைய மண்டகப்படி, யார் செலவில் பூசை என்று எழுதிய நோட்டு அவர் கையில்தான் இருக்கும். அங்கயற்கண்ணி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். நட்சத்திரம், சுருக்கம், கண்ணாடி, நெளிச்சல், கால். உங்களுக்குத் தொந்தரவு என்றால் பூச்சை இப்போதே சுரண்டிவிடுகிறேன் என்று கையில் உளியோடுதான் நின்றாள். கூட்டம் சங்கிலிப்பாண்டியைப் பார்த்தது. அவர் தன்னுடைய ஆடுகிற காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மைக்செட்ல ங்கொய்னு ஒரு இரைச்சல் வரும்ல டீச்சர்," என்றார். "அதை எங்க கொண்டுபோயும் அழிக்க முடியாது. எர்த்ல விடணும். இப்ப உங்க கண்ணாடிக்கு எர்த் வேணும், அம்புட்டுத்தான? ஊரு எர்த்தா இருந்துட்டுப் போகுது. ஆனா கண்டபடி இறங்கக் கூடாது. முறை வேணும்."

முறை என்ற சொல் காதில் விழுந்ததும் ஊருக்குத் தெளிவு வந்துவிட்டது. பங்குனிப் பொங்கலுக்கு அம்மனுக்கு எப்படி நாளுக்கொருவர் செய்கிறார்களோ அப்படியே கண்ணாடிக்கும் செய்வது, அவரவர் நாளில் அவரவர் ஆடுவது, மற்றவர் சும்மா இருப்பது என்று அங்கேயே முடிவாயிற்று. காலையில் கூடத்து வாசலில் சங்கிலிப்பாண்டி நோட்டைப் பிரித்து மைக்கில் அன்றைய மண்டகப்படிக்காரர்களின் பெயரை வாசித்துத் தேங்காய் உடைத்தால், அதிர்வு அவர்கள் காலை மட்டும் தேடிப் போனது. அந்த ஊரில் நோட்டில் எழுதியதை மீறும் வழக்கம் எதற்குமே இருந்ததில்லை.

அதற்குப் பிறகுதான் சண்டை ஆரம்பித்தது. அதுவரை கால் ஆடுகிறதே என்று புலம்பியவர்கள் இப்போது முதல் நாள் யாருக்கு என்று சட்டையைப் பிடித்தார்கள். தையல் கடைக்காரர்கள் மிதிமெஷினைக் காட்டி, காலால் பிழைக்கிறவர்களுக்குத்தான் முதல் மரியாதை என்று வாங்கிவிட்டார்கள். இரண்டாம் நாளைத் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் யாரையும் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைவி சொர்ணக்கிளி, அவளிடம் போய் ஏன் என்று கேட்கிற ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. ஆட்டோவில் இடது காலுக்கு வேலையே கிடையாது என்பதால் ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஒரு நாள், பூக்கடைக்காரர்களுக்கு ஒரு நாள், ஓய்வுபெற்ற வாத்தியார்களுக்கு ஒரு நாள், கடைவீதி வர்த்தகர்களுக்கு ஒரு நாள் என்று போயிற்று. பஸ் டிரைவர்களுக்கு மட்டும், கிளட்ச் மிதிக்கிற கால் ஆடக் கூடாது என்று ஒரு நாளும் கொடுக்கவில்லை. அவர்கள் கொதித்துப் போனார்கள். ஆண்டவன் கொடுத்த கால் எங்களுக்கு மட்டும் மட்டமா என்று பஸ் ஸ்டாண்டில் கறுப்புக்கொடி கட்டினார்கள். இப்படி விட்டுப்போனவர்கள் ஊரில் ஏராளம். ஆகவே சங்கிலிப்பாண்டி ஏழாவது நாளுக்கு நேராக 'பொது' என்று எழுதினார். எல்லாரும் சேர்ந்து செய்வது. எல்லாருக்கும் திருப்தி.

சோதனை செய்ய வந்தவர் குருவிளா, கோட்டயத்துக்காரர், திருநெல்வேலியில் படித்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். பதினான்கு பக்கப் படிவத்தோடு வந்தார். முதல் நாள் காலையில் தேங்காய் உடைந்தது, தையல் கடைகளில் கால்கள் கிளம்பின, கூண்டுக்குள் வில்லை அதிர்ந்தது, திரையில் அதிர்வின் அளவைக் காட்டும் கோடு சாயாமல் படுத்திருந்தது. ஒன்பதாம் பக்கத்தில், அதிர்வின் இழப்பு எங்கே போகிறது என்று ஒரு கேள்வி இருந்தது. அங்கயற்கண்ணி, தையல் கடைக்காரர்களின் இடது காலுக்கு என்று உள்ளதைச் சொன்னாள். குருவிளா வெளியே போய்ப் பார்த்தார், எண்ணினார், திரும்பி வந்து எழுதினார். அவர்கள் சம்மதித்துத்தானே ஆடுகிறார்கள், கையெழுத்து இருக்கிறதா என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. நோட்டைக் காட்டியதும் சமாதானமாகிவிட்டார்.

அந்த ஆறு நாளும் கரிசல்மடை திருவிழா கண்டது. தையல்காரர்கள் ஒரே நாளில் இருநூறு ஜாக்கெட் தைத்துத் தள்ளினார்கள், அதில் பாதிக்குக் கை நீளம் சரியில்லை. தீப்பெட்டி ஆபீஸில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரே தாளத்தில் ஆடியதில் கூரை ஓட்டிலிருந்து பல்லிகள் இறங்கி வெளியேறின. ஓய்வுபெற்ற வாத்தியார்கள் பூங்காவில் உட்கார்ந்து, நிமிஷத்துக்கு எத்தனை ஆட்டம் என்று ஒருவர் காலை ஒருவர் எண்ணி மதிப்பெண் போட்டார்கள், முதல் மதிப்பெண் வாங்கியவரோடு மற்றவர்கள் ஒரு வாரம் பேசவில்லை. திரையில் கோடு ஆறு நாளும் நேராகப் போயிற்று.

ஏழாம் நாள் காலை சங்கிலிப்பாண்டி மைக்கில் 'பொது' என்று வாசித்துத் தேங்காய் உடைத்தார். ஒரு காலும் ஆடவில்லை.

பொது என்றால் எல்லாரும் என்று அர்த்தம், ஆகவே யாராவது ஆடுவார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். நம் முறை முடிந்துவிட்டது என்று தையல்காரர்கள் நினைத்தார்கள். நம்மைத்தான் முதலிலேயே வேண்டாம் என்றார்களே, கறுப்புக்கொடியை அவிழ்த்தது போதாதா என்று டிரைவர்கள் நினைத்தார்கள். தெருக்குழாய் உடைந்தால் எப்படி நினைப்பார்களோ அப்படியே நினைத்துக்கொண்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். அதிர்வு வாசல்வரை போய், கூப்பிட ஆளில்லாத விருந்தாளியாக நின்று பார்த்துவிட்டு, பூச்சுக்கே திரும்பியது. பத்தே முக்காலுக்குக் கோடு சாய ஆரம்பித்தது.

குருவிளா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். மாலை ஆறு மணிக்குக் கோடு பாதிக்குக் கீழே போயிருந்தால் தேறவில்லை என்றுதான் எழுத வேண்டும் என்று வருத்தத்தோடு சொன்னார். அவர் நல்லவர், ஆனால் படிவம் படிவம்தான். அங்கயற்கண்ணி கோட்டைப் பார்த்தாள். கவிழ்த்து வைத்த கடிதத்தை நினைத்தாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், மேசையில் விரித்துக் கிடந்த நோட்டில், 'பொது' என்பதற்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.

நூறு இருநூறு கால்களுக்குப் பங்கு போக வேண்டியது மொத்தமும் ஒரே ஆளுக்கு வந்தது. இரண்டு காலும் ஆடின, கை ஆடியது, தாடை ஆடியது, காதிலிருந்த தோடு கழன்று விழுந்தது. திரையில் கோடு சாய்வது நின்றது. ஆனால் அவள் அந்த ஆட்டத்தோடு கூடத்துக்குள் நிற்க முடியாது. தரை அதிர்ந்தால் தொங்குகிற வில்லை கெட்டுவிடும். பதினோரு வருஷம் காத்திருந்த கோட்டை அதன் கடைசி நாளில் அடுத்தவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவள் தெருவில் இறங்கினாள். அது அவளுக்கு எவ்வளவு வலித்தது என்று எழுத முடியாது. திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆடிக்கொண்டே போனாள்.

பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் டீச்சருக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, மகளுக்கு எப்போது இடம் அமையும் என்று குறி கேட்டாள். அங்கயற்கண்ணி பல் கிடுகிடுக்க, சூடு இருக்கிற வரை எதுவும் அசையாமல் இருக்காது, ஆனால் அசைவை இடம் மாற்றலாம் என்று விளக்கினாள். தை மாதம் என்று அதை அர்த்தப்படுத்திக்கொண்டு அம்மாள் நிம்மதியாகப் போனாள். விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த காதர் மைதீன், கிளாஸில் கொடுத்தால் நிற்காது என்று தூக்குவாளியில் டீ ஊற்றி மூடிபோட்டுக் கொடுத்தார். மூடியைத் திறக்க அவளால் முடியவில்லை. அவர் திறந்து பிடித்தார், குடிக்க முடியவில்லை. அப்போதுதான் அவள் அழுதாள். கண்ணீர்கூட நேராக விழாமல் தெறித்தது.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துத் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வெளியே வந்த சொர்ணக்கிளி அந்தக் கோலத்தைப் பார்த்தாள். கையிலிருந்த சோற்றுப் போணியை பெஞ்சில் வைத்தாள். கூடி நின்ற அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"தன்னோட நாளுன்னா முதல் மரியாதைக்கு அடிச்சுக்கிட்டீக," என்றாள். "பொதுன்னதும் ஒருத்தன் காலும் அசையலை. வெளியூர்ல இருந்து வந்த பொம்பளை ஒத்தையில ஆடுது, நீங்க நின்னு குறி கேக்குறீக."

இதைச் சொல்லிவிட்டு அவள் அங்கயற்கண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து இடது காலை நீட்டினாள், அது ஆட ஆரம்பித்தது. அடுத்து காதர் மைதீன் உட்கார்ந்தார். வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர்கள் இறங்கி வந்தார்கள், அன்று மத்தியானம் கரிசல்மடையிலிருந்து ஒரு பஸ்ஸும் கிளம்பவில்லை. பயணிகளும் கோபித்துக்கொள்ளவில்லை, அவர்களும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு காலாகச் சேரச் சேர அங்கயற்கண்ணிக்குத் தாடை நின்றது, கை நின்றது, வலது கால் நின்றது. மூன்று மணிக்கு அவளால் டீ குடிக்க முடிந்தது. ஆறு மணிக்குக் குருவிளா போன் செய்து, கோடு பாதிக்கு மேலேயே நிற்கிறது, தேறிவிட்டது என்றார். சொல்லிவிட்டுச் சற்றுத் தயங்கி, தன்னுடைய காலும் மூன்று மணியிலிருந்து ஆடுவதாகவும், அதையும் ஒன்பதாம் பக்கத்தில் எழுதிவிட்டதாகவும் சொன்னார்.

சித்திரை கடைசியில் கடிதம் வந்தது. பூச்சு அவளுடையதுதான். நாலு கண்ணாடிகள், ஒவ்வொன்றும் நாற்பது கிலோ, இருபது வருஷம் இரவு பகலாகத் தொங்கும். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். உள்ளங்கை அகல வில்லைக்கே ஊர் ஏழு நாளில் இந்தப் பாடு பட்டது. இதற்குக் கால் மட்டும் போதாது, கையும் வேண்டியிருக்கும். இருபது வருஷம் ஒரு ஊரை ஆடச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது. இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்து, வேண்டாம் என்று பதில் எழுதி உறையில் போட்டுக்கொண்டு, அதை அனுப்புமுன் ஊரிடம் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று சமுதாயக்கூடத்துக்குப் போனாள்.

ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. அவள் எதையும் குறைக்காமல் சொன்னாள். நாலு கண்ணாடி, நாற்பது கிலோ, இருபது வருஷம், கையும் காலும். சொல்லி முடித்துவிட்டு உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நாலுதானா?" என்று சங்கிலிப்பாண்டி கேட்டார். "நாங்க ஏழு மண்டகப்படி இருக்கமே டீச்சர். மிச்சம் மூணு பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

உடனே சண்டை ஆரம்பித்துவிட்டது. முதல் கண்ணாடி எங்களுக்கு என்று தையல் கடைக்காரர்கள் எழுந்தார்கள், உட்காருங்கள் என்று சொர்ணக்கிளி எழுந்தாள். நாற்காலிகள் சாய்ந்தன. அந்தக் கூச்சலுக்கு நடுவே அங்கயற்கண்ணி, ஏழு இல்லையே, ஆறுதானே, ஏழாவது பொதுதானே என்று மெல்லக் கேட்டாள். சங்கிலிப்பாண்டி நோட்டைத் திருப்பி அவள் பக்கம் காட்டினார். ஏழாவது வரியில் 'பொது' என்பதை அடித்துவிட்டிருந்தார்கள். அதன் கீழே அவளே எழுதிய கிறுக்கலான பெயருக்கு நேராக, தலைமுறை தலைமுறையாக என்று யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்.

"உங்க நாளு அது," என்றார் அவர். "நீங்கதான் விட்டுக்குடுக்காம சண்டை போடணும். சும்மா நின்னா கண்ணாடி கிடைக்காது."

அவள் உறையை இரண்டாகக் கிழித்தாள். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சொர்ணக்கிளிக்கும் தையல்காரர்களுக்கும் நடுவில் போய் நின்று, பதினோரு வருஷத்தில் அந்த ஊர் கேட்டிராத சத்தத்தில், தனக்கு ஒரு கண்ணாடி முழுசாக வேண்டும் என்றாள். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.